பாம்புக்கடிக்கு ஒரு கோட் போதாது: ஐ.சி.டி-10 போடும் முறை

ஐ.சி.டி-10 என்பது நோய்களுக்கும் காயங்களுக்கும் கோட் தரும் சர்வதேசப் பட்டியல். பி.எச்.ரி.யின் (நோயாளியின் விபரம் எழுதும் வாட்டு ரிக்கெற்) முன்பக்கத்தில் அனுமதிக்கும்போது எழுதியதைப் பார்த்துக் கோட் போடாதீர்கள். "காய்ச்சல்" என்று வாட்டுக்கு வந்தவர், துண்டு வெட்டிப் போகும்போது எலிக்காய்ச்சல் நோயாளி. சிகிச்சை முடிவில் தெரியவந்து, அவரை வாட்டில் வைத்திருக்க முக்கிய காரணமாக இருந்ததுதான் பிரதான நோய். கடைசிவரை "சந்தேகம்" என்றே கிடந்து, வேறு விபரமும் இல்லையென்றால், அந்த நோய் உறுதியானதாகவே எண்ணிப் போடவேண்டும்.

கோட் தேடும்போது முதலில் ஐ.சி.டி-10 மூன்றாம் தொகுதியின் அகரவரிசை, பிறகு கோட் பட்டியலுள்ள முதலாம் தொகுதி. உறுப்பின் பெயரில் தேடிப் பயனில்லை. நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு "டிசீஸ்", அதன் கீழ் "கிட்னி", அதன் கீழ் "குறோனிக்": என்18.9 (நிலை குறிப்பிடாதது) வரும். அதோடு நிறுத்தாதீர்கள். வைத்தியர் மூன்றாம் நிலை என்று எழுதியிருந்தால் என்18.3. விபரம் ரிக்கெற்றில் இருக்க .9 போடுவது வெறும் சோம்பல்.

வன்னியில் அதிகம் பிழைப்பது பாம்புக்கடியில். வயலில் கண்ணாடிப் புடையன் கடித்தவருக்கு ரி63.0, அது என்ன பாதிப்பு என்பதை மட்டும் சொல்லும். காரணத்துக்கு எக்ஸ்20 வேண்டும். அதன் நாலாவது இடம் சம்பவம் நடந்த இடம்: வீடு 0, வயல் 7. ஆகவே ரி63.0 முன்னால், எக்ஸ்20.7 பின்னால். எக்ஸ் கோட் தனியே நிற்காது. பாதத்தில் கடித்தது விஷமில்லாத சாரை என்றால் இரண்டுமே மாறும்: எஸ்91.3, டபிள்யூ59.7. "பாம்புக்கடி" என்று மட்டும் எழுதியிருந்தால், 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையின் முடிவையும் விஷமுறிவு மருந்து ஏற்றிய பதிவையும் காட்டி வைத்தியரிடம் கேளுங்கள். விஷம் ஏறியதா என்று தீர்மானிப்பது கோட் போடுபவரின் வேலையல்ல.

போர்க்காலத்தில் புதைத்த மிதிவெடி இப்போது வெடித்தால், சாதாரண வெடிவிபத்தாக நினைத்து டபிள்யூ40 போடக்கூடாது. போர் ஓய்ந்தபின் வெடித்ததற்கென்றே வை36.8 இருக்கிறது. இங்கே 8 இடத்தைக் குறிக்காது. இட இலக்கம் டபிள்யூ00 முதல் வை34 வரைக்குள்தான். 2009இல் போரில் பட்ட காயத்தின் பின்விளைவோடு இன்று வருபவருக்குக் காரணக் கோட் வை89.1.

டெங்குவுக்குக் கோட் போடுமுன் கையிலிருப்பது ஐ.சி.டி-10இன் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பழைய பதிப்புகளில் ஏ90, ஏ91. 2016 பதிப்பில் அவை நீங்கி ஏ97. எச்சரிக்கை அறிகுறி இல்லாவிட்டால் .0, இருந்தால் .1, கடுமையானால் .2. ஒரே வைத்தியசாலையில் இரண்டு பதிப்பும் கலந்தால் மாத முடிவுக் கணக்கில் டெங்கு இரண்டாகப் பிரிந்து நிற்கும்.