கடற்கரை ஊர் பிளாட்டில் முதல் கார்ப்பெட்

கீழக்கரையில் முதல் மாடி வீடொன்றுக்கு நாங்கள் குடிவந்த ஆண்டில், கூடம் முழுவதும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டிக்கொடுக்க ஒருவரை அமர்த்தினோம். பங்குனியில் ஒட்டிய கார்ப்பெட், கார்த்திகை மழை முடிவதற்குள் பால்கனிக் கதவோரத்தில் நசநசவென்று ஈரம் கோத்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தபோது பசையின்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்கு மேல் கரும்பூசணம் படர்ந்திருந்தது. டைல்ஸில் இறுகிப்போன பசையைச் சுரண்டி எடுக்கவே நான்கு நாட்கள் ஆயின. அதற்குப் பின்னும் இன்று என் வீட்டில் இரண்டு அறைகளில் கார்ப்பெட் கிடக்கிறது, நன்றாகவே இருக்கிறது. இந்தக் கரையில் கார்ப்பெட் போட நினைப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எந்த நேரத்திலும் தூக்கி எடுத்து, அடியில் இருக்கும் தரையைப் பார்க்க முடிய வேண்டும். பொருளையும் அளவையும் விரிக்கும் முறையையும் அதற்கேற்பவே முடிவு செய்ய வேண்டும்.

காரணம் உப்பு. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி தானாகவே நீர்விடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று மணலை வாரி வீசும் மாதங்களில் ஜன்னல் வழியாகவும், கடற்கரைக்குப் போய்வந்த கால்கள் வழியாகவும் வீட்டுக்குள் சேரும் மணலில் உப்பு ஒட்டியிருக்கும். வெறுந்தரையில் அதைப் பெருக்கித் தள்ளிவிடலாம். கார்ப்பெட்டில் அது இழைகளின் அடிவரை இறங்கித் தங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில், ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமலேயே அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கார்ப்பெட்டை நமுக்கவைக்கும். மணலின் கூரிய முனைகள் மிதிக்க மிதிக்க இழைகளை வேரோடு அறுக்கவும் செய்யும். கடல் பெருகுவதையும் தரை ஈரம் கசிவதையும் தமிழில் ஓதம் என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம்; இந்த ஊரில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு அது பொருந்தி வரும் சொல்தான்.

ஆகையால் கடைக்குப் போவதற்கு முன் தரையைச் சோதியுங்கள். தடித்த பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் சதுரமாக வெட்டி, அறையின் நடுவிலும் வெளிச்சுவரோரத்திலும் ஒவ்வொன்று வீதம் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டிவிட்டு, குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விடுங்கள். மாலையில் ஒட்டி மறுநாள் நண்பகலில் பிரித்தால் சரியாக இருக்கும். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் பூத்திருந்தாலோ, அடியிலிருந்த தரையோ டைல்ஸ் இணைப்புகளோ நிறம் மங்கிக் கறுத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். தரைத்தளத்து வீடுகளில் இது அடிக்கடி தென்படும். சுவரின் கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பு உரிந்து உப்புப் பூத்திருந்தாலும் அதே நோய்தான். அப்படிப்பட்ட அறையில் எந்தக் கார்ப்பெட்டும் நிலைக்காது. ஓலைப்பாயோ பவானி ஜமக்காளமோ விரித்து, மாலையில் சுருட்டி வைப்பதே நல்லது.

எந்த அறைக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். அடுக்களை, உண்ணும் இடம், குளியலறை வாசல், பால்கனிக் கதவை ஒட்டிய மூன்றடி ஆகிய இடங்கள் கூடவே கூடாது. மூச்சிரைப்போ தூசு ஒவ்வாமையோ உள்ளவர் படுக்கும் அறையையும் விட்டுவிட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த இடங்களில் கார்ப்பெட்டுக்குள் தூசுப்பூச்சி நன்றாகப் பெருகும். ஏசி அறை பொருத்தமானதுதான், ஆனால் அங்கும் ஒரு கவனம் தேவை. குளிர்ந்திருக்கும் தரைக்கு வெளியிலுள்ள வெப்பமான ஈரக்காற்று வந்தால், அதன்மேல் நீர் வியர்த்துப் படியும். ஏசியை நிறுத்தியவுடன் ஜன்னல்களை அகலத் திறந்துவிடும் வழக்கம் இருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். அறை மெல்ல இயல்பு வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்கலாம்.

இனி பொருள். எங்கள் ஊரில் சபராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் கார்ப்பெட்டுகள் பல வீடுகளில் உண்டு. அவை எந்த நூலால் ஆனவை என்று கேட்டால் பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் நைலான், பாலியஸ்டர், பாலிபுரொப்பிலின் போன்ற செயற்கை நூல். தாள் எரியும் வாடை வந்தால் பருத்தியாகவோ, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸாகவோ இருக்கும். பட்டுப்போல மின்னி, விலை மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் விஸ்கோஸ்தான். நனைந்தால் அதன் வலு பெருமளவு குறைந்துவிடும், காய்ந்தால் மஞ்சள் பாரிக்கும். இக்கரைக்கு அதை வாங்கவே வேண்டாம்.

கம்பளி உயர்ந்த பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. உத்தரப் பிரதேசத்துப் பதோஹியில் கையால் முடிச்சிட்டு நெய்த கம்பளங்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளக் கூடியது. அந்துப்பூச்சியும் அதைத் தேடி வரும். பாலிபுரொப்பிலின் ஈரத்தை அறவே உறிஞ்சாது எனலாம். விலையும் குறைவு. மேசை நாற்காலிகளின் கால் பதிந்த இடம் எளிதில் நிமிராது என்பது அதன் குறை. நைலான் சிறிது ஈரம் வாங்கினாலும், மிதித்த இழை மறுபடி எழுந்து நிற்கும். ஆள் நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.

மேலே இருப்பது எதுவானாலும் கார்ப்பெட்டைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பாருங்கள். அடியில் சணல் துணி இருந்தால் அது இங்கே மக்கிவிடும். செயற்கைத் துணியோ பிவிசியோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஓர் இடத்தில் இழைகள் வெளிப்பக்கம் இருக்குமாறு கார்ப்பெட்டைப் பின்னோக்கி மடக்குங்கள். மடிப்பில் அடித்துணி பல்லிளித்துக்கொண்டு தெரிந்தால் நெசவு அடர்த்தி போதாது. இழை நீளமாக இருப்பதைவிட நெருக்கமாக இருப்பதே முக்கியம். நம் மணலுக்குக் குட்டையான, நெருக்கமான இழைதான் ஏற்றது, ஏனென்றால் அதிலிருந்து மணல் எளிதில் வெளியே வரும்.

சுவருக்குச் சுவர் விரிப்பதற்குக் குளிர்நாடுகளில் பரவலாகப் பின்பற்றும் முறையில், கூரான ஆணிகள் பதித்த மரப்பட்டைகளைச் சுவரோரம் தரையில் அறைந்து, கார்ப்பெட்டை இழுத்து அவற்றில் மாட்டுவார்கள். நம் வீடுகளில் டைல்ஸோ கிரானைட்டோ இருப்பதால் ஆணி அடித்தால் விரிசல் விழும். அந்த மரப்பட்டைகளைப் பசையால் ஒட்டினாலும், உப்புக்காற்றில் அவற்றின் ஆணிகள் துருவேறிக் கார்ப்பெட்டின் ஓரத்தில் செங்கறையாக இறங்கும். முழுக்கப் பசையிட்டு ஒட்டுவதன் விளைவை முதலிலேயே சொல்லிவிட்டேன். வாடகை வீடென்றால் இரண்டையுமே நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. எஞ்சுவன இரண்டு வழிகள். கூடத்துக்கு, ஓரம் தைத்த ஒரே விரிப்பாக வாங்கி, நான்கு பக்கமும் ஓரடித் தரையை விட்டுப் போடலாம். படுக்கையறைக்கு, 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக வரும் கார்ப்பெட் டைல்களைப் பசையின்றிப் பரப்பலாம். ஒரு துண்டு நனைந்தால் அதை மட்டும் எடுத்துக் காயவைக்க முடியும் என்பதால், சுவருக்குச் சுவர் வேண்டுமென்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இக்கரையில் இல்லை என்பது என் முடிவு.

அளவெடுப்பதில்தான் முதன்முறை செய்பவர்கள் பணத்தை இழக்கிறார்கள். ஒவ்வோர் அறையையும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மும்மூன்று இடங்களில் அளந்து, பெரிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவர்கள் நேராக இருப்பது அரிது. அறை 3.4 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 13.6 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 146 சதுர அடி. அரை மீட்டர் துண்டுகள் ஒரு பக்கம் 7, மறுபக்கம் 8 என்று 56 தேவைப்படும். பெட்டிக்கு 20 துண்டுகள் வந்தால் 3 பெட்டிகள் வாங்க வேண்டும், 4 மிஞ்சும். அனைத்தும் ஒரே சாய எண் கொண்ட பெட்டிகளா என்று கடையிலேயே சரிபாருங்கள். வேறுபட்டால் விரித்த பின் பகல் வெளிச்சத்தில் நிறமாற்றம் தெரியும். சுருளாக வாங்குவதென்றால் 12 அடி அகலமும் 4 மீட்டர் அகலமும் வழக்கமாகக் கிடைப்பவை. இணைப்பே வராதபடி அறைக்கேற்ற அகலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விரிப்பதற்கு உகந்த காலம் மாசியும் பங்குனியும். மழை ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் எழுந்திருக்காது. தரையை முதலில் உலர்வாகப் பெருக்கி, நல்ல தண்ணீரால் துடைத்து, ஒரு நாள் முழுக்க மின்விசிறியை ஓடவிட்டுக் காயவிடுங்கள். ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரால் துடைத்தால், அது காய்ந்ததும் மறுபடி உப்புப் படலமே மிஞ்சும். காவிரிக் குடிநீரில் இரண்டு குடத்தை இதற்கென ஒதுக்குவது வீண் செலவல்ல. புதிய கார்ப்பெட்டைப் பிரித்து அதே அறையில் ஒரு நாள் கிடத்திவைத்தால் சுருளும் வளைவும் தணியும், புதுவாடையும் குறையும்.

எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளை இணைத்துச் சுண்ணக்கட்டி பூசிய நூலால் தரையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் அடியுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்துதான் பரப்பத் தொடங்க வேண்டும், சுவரோரத்திலிருந்து அல்ல. மேற்சொன்ன அறையின் 3.4 மீட்டர்ப் பக்கத்தில், துண்டின் ஓரத்தை நடுக்கோட்டில் வைத்தால் இரு சுவர்களிலும் 20 சென்டிமீட்டர் ஒடுக்கப் பட்டைகள் விழும். துண்டின் மையத்தை நடுக்கோட்டில் வைத்தாலோ, 45 சென்டிமீட்டர் அகலத்தில் ஏறக்குறைய முழுத் துண்டே சுவரோரம் வரும். தேவைப்படும் துண்டுகள் இரண்டிலும் 7தான், ஆனால் பின்னது நகராமல் நிற்கும். 4 மீட்டர்ப் பக்கத்திலும் அவ்வாறே வைத்தால் இரு முனைகளிலும் பாதித் துண்டுகள் அமையும். கோணலான சுவருக்கு ஏற்ப அவற்றை வெட்டிச் சரிசெய்யலாம்.

ஒவ்வொரு துண்டின் முதுகிலும் அம்புக்குறி இருக்கும். எல்லா அம்புகளும் ஒரே திசையைக் காட்டினால் தரை ஒரே விரிப்பாகத் தெரியும். ஒன்றுவிட்டு ஒன்று திருப்பினால் சதுரங்கக் கட்டம்போல் தோன்றும். இரண்டில் எதையாவது தொடக்கத்திலேயே முடிவு செய்து இறுதிவரை மாறாமல் செய்யுங்கள். நான்கு துண்டுகள் கூடும் மூலைகளில், துண்டோடு துண்டை மட்டும் பிணைக்கும் ஒட்டுவில்லைகள் கிடைக்கின்றன. பசைப்பக்கம் மேல்நோக்கியிருக்கத் துண்டுகளுக்கடியில் அவற்றை வைப்பதால் தரையில் எதுவும் ஒட்டாது. ஓரத் துண்டுகளைக் கவிழ்த்து, இரும்பு அடிக்கோலை வைத்துப் புதிய பிளேடால் முதுகுப்புறத்திலிருந்து வெட்டுங்கள். இரண்டு மூன்று முறை லேசாகக் கீறி வெட்டினால் இழை பிசிறாது. சுவருக்கும் கார்ப்பெட்டுக்கும் இடையில் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது காற்றோட்டத்துக்கு நல்லது.

வேலையைத் தொடங்குமுன் கதவின் அடியிடைவெளியை அளந்திருக்க வேண்டும். உள்நோக்கித் திறக்கும் கதவு உரசினால் கார்ப்பெட்டின் அந்த இடம் சில மாதங்களில் வழுக்கையாகிவிடும். ஆசாரியை அழைத்துக் கதவின் அடியை இழைப்புளியால் சீவிவிடுங்கள். வாசலுக்கு வெளியே கயிற்று மிதியடி ஒன்று, உள்ளே பருத்தி மிதியடி ஒன்று என இரண்டும் போட்டால் மணலில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

வாரம் இருமுறை வேக்யூம் கிளீனரை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மெதுவாக ஓட்டுங்கள். தண்ணீரோ தேநீரோ கொட்டினால் மேலே துடைப்பதோடு நிறுத்தாமல், அந்தத் துண்டுகளை அப்போதே தூக்கி மின்விசிறிக்கு நேராக நிறுத்துங்கள். ஈரம் ஒருநாள், இரண்டு நாள் நின்றாலே பூசணம் தொடங்கிவிடும். ஐப்பசிக்கு முன் ஒருமுறை, தைப்பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை எல்லாத் துண்டுகளையும் எடுத்துத் தரையைத் துடைத்துக் காயவைத்து மறுபடி பரப்புவதற்கு, என் வீட்டில் இருவர் சேர்ந்தால் அரை நாள் ஆகிறது. அப்போது கட்டிலுக்கடியில் தேயாமல் இருக்கும் துண்டுகளையும் நடைபாதையில் தேய்ந்தவற்றையும் இடம் மாற்றிவிடுங்கள். மிஞ்சிய நான்கையும் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பரண்மேல் போடாமல் கட்டிலுக்கடியிலேயே இரண்டாம் அடுக்காக வைத்து, அவற்றையும் அந்தச் சுழற்சியில் சேர்த்துக்கொண்டால், பின்னொரு நாள் கறைபட்ட துண்டுக்கு மாற்றாகப் போடும்போது நிறம் தனித்துத் தெரியாது.