சுற்றாடல் சட்டம் ஒன்றை ஊருக்கு விளக்குவது எப்படி? வன்னி மாணவர் குழுக்களுக்கு ஒரு செய்முறை

சுற்றாடல் சட்டம் பற்றி ஒப்படை கிடைத்ததும் பெரும்பாலான குழுக்கள் சட்டத்தின் முதற் பக்கத்தைத் திறந்துவிடும். அங்கே சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரசபையை எப்படி அமைப்பது, உறுப்பினர் யார் யார் என்றே நீளமாகப் போகும். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம். ஊரில் சனம் கேட்கும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

1. கேள்வியைப் பிடியுங்கள்

காலபோக அறுவடை முடிந்தால் அரிசி ஆலைகள் இரவு பகலாக ஓடும். நெல் அவித்த தண்ணீர் வாய்க்காலில் தேங்கிப் புளித்து நாறும். உமிச்சாம்பல் கொடியில் காயும் உடுப்பிலும் கிணற்றுத் தண்ணீரிலும் வந்து படியும். “இதுக்கு அனுமதி இருக்கா? ஆரிட்டைக் கேக்கிறது?” உங்கள் ஆராய்ச்சிக்கு இந்த இரண்டு கேள்விகளே போதும்.

கேள்வி மாறினால் சட்டமும் மாறும். ஆற்றில் மணல் அள்ளுவது பற்றியென்றால் முதலில் பார்க்க வேண்டியது 1992 இன் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம். வயலுக்குள் வனத்திணைக்களத்தின் எல்லைக்கல் வந்து நிற்கிறதென்றால் 1907 இன் 16 ஆம் இலக்கக் காடுகள் கட்டளைச் சட்டம். முதல் முயற்சிக்கு ஒரு சட்டம் போதும். ஆலை உதாரணத்துக்குரியது 1980 இன் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம்.

2. சட்டத்தை முழுதாகச் சேருங்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. 1980 மூலச் சட்டத்தை மட்டும் எடுத்துவைத்துத் தேடினால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், அதாவது கழிவை வெளியேற்றும் தொழில்கள் வாங்க வேண்டிய அனுமதி, பற்றி எதுவுமே கிடைக்காது. அதுவும், திட்டம் ஒன்றால் வரும் பாதிப்பை முன்கூட்டியே ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் 1988 இன் 56 ஆம் இலக்கத் திருத்தத்தோடுதான் உள்ளே வந்தன. 23 என்ற இலக்கத்துக்குப் பின்னால் எழுத்துகள் ஒட்டிய பிரிவுகளைக் கண்டால் அவை இடையில் செருகப்பட்டவை என்று புரிந்துகொள்ளுங்கள். அப்புறம் 2000 இன் 53 ஆம் இலக்கத் திருத்தம் அவற்றிலும் சிலவற்றை மாற்றியது. ஆகவே மூன்றையும் அச்செடுத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிறப் பேனா வைத்து, மூலத்தின் ஓரத்திலேயே மாற்றங்களை எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத குழு பழைய சட்டத்தையே ஊருக்குச் சொல்லிக்கொடுக்கும்.

எந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை, வர்த்தமானியில் வரும் பட்டியலில் இருக்கிறது. பழைய பட்டியல்கள் கைமாறித் திரிவதால், இப்போது நடைமுறையில் உள்ளது எது என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலேயே கேளுங்கள். சிறிய தொழில்கள் சிலவற்றுக்கு உரிமம் கொடுப்பது உள்ளூராட்சி மன்றம். உங்கள் ஆலை எந்த வகைக்குள் விழுகிறதோ, அதுதான் நீங்கள் தட்ட வேண்டிய கதவு எது என்பதைத் தீர்மானிக்கும்.

முக்கியமான வசனங்களைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தச் சட்டங்களின் கடைசியில், தமிழ் உரைக்கும் சிங்கள உரைக்கும் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் இருக்கும்.

3. பின்னாலிருந்து வாசியுங்கள்

பொருள்கோடல், அதாவது சொற்களுக்கு அர்த்தம், தரும் 33 ஆம் பிரிவை முதலில் படியுங்கள். சுற்றாடல் என்பதற்குள் நிலம், மண், நீர், வளி, காலநிலை மட்டுமல்ல, ஒலி, மணம், சுவை கூட அடங்கும் என்று அது சொல்கிறது. “நாத்தம் எல்லாம் ஒரு முறைப்பாடே?” என்று ஒதுக்கப்பட்ட அம்மாக்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். என்னைக் கேட்டால், முழுச் சட்டத்திலும் ஊருக்கு மிக நெருக்கமான பிரிவு இதுதான்.

பிறகு ஒவ்வொரு பிரிவிடமும் கேளுங்கள்: யார், எதைச் செய்ய வேண்டும் அல்லது செய்யக்கூடாது, மீறினால் என்ன? அரைப் பக்க நீள வசனத்தை “தவிர”, “ஆயின்” வரும் இடங்களில் உடையுங்கள். விதிவிலக்கு அங்கேதான் இருக்கும். ஒரே பிரிவை இருவர் தனித்தனியாக வாசித்து எழுதட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள் வாசிக்கட்டும்.

4. உண்மையான ஆவணத்தைக் கேளுங்கள்

2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே கைகொடுக்கும். உரிமம் வழங்கும் அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு, “இந்த ஆலைக்கு வழங்கப்பட்ட சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் பிரதியை நிபந்தனைகளுடன் தரவும்” என்று எழுதுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். கடிதம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

ஆலைக்காரரிடமும் போய்க் கதையுங்கள். அங்கே வேலை செய்வதும் எங்கள் சனம்தான்.

5. ஊருக்குச் சொல்லுங்கள்

ஒரு தாளுக்குள் அடக்குங்கள். பிரிவை அப்படியே பார்த்தெழுத வேண்டாம். “பட்டியலில் உள்ள தொழிலை உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது. உரிமத்தில் நிபந்தனைகளும் முடிவுத் திகதியும் இருக்கும்” என்றால் எல்லாருக்கும் விளங்கும். உதாரணத்துக்குச் சுன்னாகத்தை எடுங்கள். மின் நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. கிணற்றுத் தண்ணீர் என்றவுடன் கூட்டம் காதைக் கொடுக்கும்.

சனசமூக நிலையத்தில், கமக்காரர் அமைப்புக் கூட்டம் முடிந்த கையோடு வைத்தால் ஆட்கள் இருப்பார்கள். யாராவது ஒரு ஐயா எழும்பி, “தம்பி, இதாலை மில்லைப் பூட்டேலுமோ?” என்று கட்டாயம் கேட்பார். சட்டம் சொல்வதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்: “ஐயா, உரிமத்தை நிறுத்திவைக்கிற அதிகாரம் அதிகாரசபைக்குத்தான் இருக்கு. ஆலைக்காரருக்கு அதுக்கு மேன்முறையீடு செய்யவும் உரிமை இருக்கு. நாங்கள் செய்யக்கூடியது, திகதி போட்டு, படத்தோடை எழுத்திலை முறைப்பாடு கொடுக்கிறது.” அந்தக் கடிதத்தின் மாதிரி ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

தாளின் அடியில், எந்தத் திகதி வரையான திருத்தங்களையும் வர்த்தமானிகளையும் பார்த்தீர்கள் என்று எழுதி, ஒரு பிரதியை நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு வரும் குழு அந்தத் திகதியிலிருந்து தேடத் தொடங்கலாம்.