நட் கழன்றும் லொறியின் ஸ்பிரிங் போல்ட் வரவில்லையா?

அடித்துக்கொண்டிருக்காமல், ஸ்பிரிங் கண்ணுக்கும் (போல்ட் நுழையும் வளையம்) அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கால் இரு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுங்கள். கல்லடி, கல்முனைக் கடற்கரைப் பக்கம் ஓடிய பழைய லொறிகளில், போல்ட் துருவேறி ஒட்டிக்கொள்வது புஷ்ஷின் (கண்ணுக்குள் இருக்கும் றப்பர் உறை) உள் இரும்புக் குழாயோடுதான். சுத்தியலடியை றப்பர் வாங்கிவிடும். ஸ்பேனர் சாவியால் போல்ட்டைத் திருப்பினால் குழாயும் கூடவே சுழன்று, விட்டதும் பழைய இடத்துக்கே வரும்.

முதலில் சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சை ஜாக்கில் ஏந்தி ஸ்பிரிங்கின் பாரத்தை எடுங்கள். பாரம் இருந்தால் டிஸ்க் இறுகி உடையும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடவே வேண்டாம். புது போல்ட்டும் புஷ்ஷும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கிறீஸ் நிப்பிள் வைத்த வெண்கல புஷ்ஷில் போல்ட்டுக்குப் பதிலாக இருக்கும் பின்னுக்கு இது சரிவராது. அதில் பின்னைப் பிடித்திருக்கும் பூட்டு போல்ட்டைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டுத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.