பச்சிளங்குழந்தைக்கு ஆக்சிஜன் பார்க்கும்போது நடக்கும் தவறுகள்

பல்ஸ் ஆக்சிமீட்டரின் சென்சாரைப் பிறந்த குழந்தையின் கையிலும் காலிலும் சுற்றி ஆக்சிஜன் அளவு பார்ப்பது சில நிமிட வேலை. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பிறவியிலேயே வரும் கடுமையான இதயக் கோளாறுகள் சிலவற்றை, குழந்தை துவண்டு விழும் முன்பே இது காட்டிக்கொடுக்கும். ஆனால் எங்கே, எப்போது, எப்படி வைத்தோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

அதிகம் கவனிக்கப்படாத தவறு இடது கையில் வைப்பது. கருவில் இருந்தபோது நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைத்த குழாய், பிறந்த பிறகும் சிறிது காலம் திறந்திருக்கும். வலது கைக்கான ரத்தம் அந்தக் குழாய்க்கு முன்பே பிரிந்துவிடுகிறது. காலுக்கு அதைத் தாண்டித்தான் போகிறது. மகாதமனி குறுகியோ துண்டித்தோ இருந்தால் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அந்தக் குழாய் வழியே காலுக்குப் போகும். கை 98 சதவீதம், கால் 92 சதவீதம் என்று எண்கள் பிரியும். இடது கையின் ரத்தக்குழாயோ அந்தக் குழாய்க்கு மிக அருகில் பிரிகிறது. அங்கே வைத்தால் நாம் தேடும் வித்தியாசமே மறைந்துபோகலாம். அதனால் கை என்றால் வலது கைதான்; கால் எதுவானாலும் சரி.

2011-இல் வந்த அமெரிக்க முறையில், கை, கால் ஏதாவது ஒன்றில் 95 இருந்து வித்தியாசம் 3-க்குள் இருந்தால் தேர்ச்சி. 2025-இல் அதை இறுக்கிவிட்டார்கள்: இரண்டிலும் 95 வேண்டும், மறுபரிசோதனையும் ஒரே முறைதான். ஏதாவது ஒன்றில் 90-க்குக் கீழே போனால் மறுபரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணையைப் பார்த்தே இன்னும் வேலை செய்யும் வார்டு இருந்தால், முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள்.

24 மணி நேரத்துக்கு முன் பார்த்தால் வீண் பதற்றம் அதிகம்; நுரையீரல் இன்னும் வெளியுலகுக்குப் பழகியிருக்காது. அதற்குள் டிஸ்சார்ஜ் என்றால், கிளம்புவதற்குச் சற்று முன் பார்க்கலாம்.

பெரியவர்களின் விரல் கிளிப்பைக் குழந்தைக்கு மாட்டுவது, ஒளி விடும் பக்கமும் வாங்கும் பக்கமும் நேர் எதிராக அமையாதது, இறுக்கிச் சுற்றுவது, மஞ்சள் காமாலை விளக்குக்கு அடியில் மூடாமல் வைப்பது: இவையெல்லாம் எண்ணைக் கெடுக்கும். கோலாலம்பூர், பினாங்கு மருத்துவமனைகளின் ஏர்கோன் குளிரில் பாதம் சில்லென்றிருந்தால் முதலில் சூடாக்குங்கள். குழந்தை அழாமல் இருக்கட்டும். மீட்டர் திரையில் துடிப்பின் அலை சீராக ஓட வேண்டும். மீட்டர் காட்டும் துடிப்பும் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் துடிப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத எண்ணை எழுதவே கூடாது.

நம் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கருமையான தோலில் நீலம் பாய்வது கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆக்சிமீட்டரும் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம். அதனால் நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். கை, கால் நுனி மட்டும் நீலமாக இருப்பது முதல் சில நாட்களில் சாதாரணம்.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு, "டெஸ்ட் பாஸ், இதயத்தில் ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுவது. இதயத்தில் ஓட்டை இருந்தும் ஆக்சிஜன் சரியாகவே காட்டலாம். மகாதமனிக் குறுக்கமும் சில சமயம் சிக்காமல் தப்பிவிடும். குழாய் மூடத் தொடங்கியதும், வீட்டுக்குப் போன பிறகு அது வெளிப்படும். தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டையும் தைராய்டையும் பார்த்தார்களே, அதிலேயே இதயமும் அடங்கிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு.

"அழவே மாட்டான், எப்பப் பார்த்தாலும் தூக்கம், தங்கமான பிள்ளை" என்று பாட்டி பூரிக்கலாம். பால் குடிக்க எழுப்பினாலும் எழாத குழந்தையைப் பார்த்துப் பூரிக்க ஒன்றுமில்லை. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் விட்டுவிட்டால் வெயில்மேல் பழி போடாதீர்கள். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும், பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. மறுபடி எண்ணியும் 60-க்கு மேல் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நாக்கு நீலமானாலோ, உடல் வெளுத்துத் துவண்டாலோ வீட்டுக்கு வரும் மிஸ்ஸிக்காக (தாதிக்காக) காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள். பிறந்து எத்தனை மணி நேரத்தில் சோதித்தார்கள், கையில் எவ்வளவு, காலில் எவ்வளவு என்று டிஸ்சார்ஜ் அன்றே குழந்தையின் புத்தகத்தில் எழுதி வாங்கியிருந்தால், அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்கும்போது அதைக் காட்டலாம்.