கிமோனோ மடிப்பு மாறினால் கதாநாயகி செத்துப்போவாள்

ஜப்பானியப் பேய்க் காதல் கதை எழுதும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. எழுதியதைப் படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்புகிறார்கள். பிரித்தால், பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து. ஊர்ப் பெயர்க் குழப்பம், ரயில் இல்லாத காலத்தில் ரயில் என்பதெல்லாம் யாராவது சொன்னால் திருத்திக்கொள்ளலாம். அவற்றை விட்டுவிடுகிறேன். கதையையே கெடுக்கும் தவறுகளை மட்டும் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

செர்ரிப் பூ

அது பூப்பது வசந்தத்தில். அங்கே பேய்க்குக் கோடைதான் பருவம். கபுகி அரங்குகளில் பேய் நாடகம் போடுவதும் கோடையில்தான். பூவை எடுத்துவிட்டு வியர்வையை வையுங்கள்.

‘அரிகாத்தோ’, ‘சயோனாரா’

ஜப்பானிய வாசம் வரட்டும் என்று இப்படி நன்றியும் விடைபெறலும் தூவாதீர்கள்.

மடிப்பு

இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. காரணம், இதில் நான் அச்சிலேயே மாட்டிக்கொண்டவன்.

என் கதையில் ஒருவன் மலையடிவாரச் சத்திரத்தில் தங்குகிறான். இரவுதோறும் ஒருத்தி அவனுக்குச் சாக்கே என்ற அரிசி மது ஊற்ற வருகிறாள். நான்காம் இரவில்தான் அவள் உயிரோடு இல்லை என்று அவனுக்குத் தெரிகிறது. அவளை அறிமுகம் செய்யும் முதல் பத்தியில், கிமோனோவின் வலப் பக்கம் மேலேறிச் சரிந்திருக்க, அந்தச் சரிவில் கழுத்தெலும்பு தெரிந்தது என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஏகப் பெருமை. ஒசாகாவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் போட்டார்: “முதல் பத்தியிலேயே அவள் பிணம் என்று சொல்லிவிட்டீர்கள். அப்புறம் எதற்கு அவன் நான்காம் நாள் அலறுகிறான்?”

விஷயம் இதுதான். உடுத்துகிறவரின் வலப் பக்கம் முதலில் உடம்போடு படியும். இடப் பக்கம் அதன்மேல் வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே முறை. 719ஆம் ஆண்டிலேயே இதற்கு அரச ஆணை போட்டிருக்கிறார்கள். எதிரே நிற்பவர் கண்ணுக்குக் கழுத்துப் பகுதி ஆங்கிலச் சின்ன ‘ஒய்’ மாதிரித் தெரிய வேண்டும். இறந்தவருக்கு உடுத்தும்போதுதான் இது தலைகீழாகும். நான் ஏமாந்தது ஒரு செல்ஃபியைப் பார்த்து. கைபேசி அதைக் கண்ணாடிபோல இடம்வலம் மாற்றிவைத்திருந்தது. இன்றைக்கு வருகிற கதைகளிலும் இதே மாற்றம் இருக்கிறது. எதைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்காமலே எனக்குப் புரிந்துவிடுகிறது.

ஒரு மடிப்புக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். மடிப்போடு முடிந்தால் நானும் விட்டிருப்பேன். சாவு வீட்டில் காரியங்களைத் தலைகீழாகச் செய்வதற்கு அங்கே ‘சகாசாகோத்தோ’ என்று பெயர். பிணத்தின் தலைமாட்டில் மடக்குத் திரையைத் தலைகீழாக நிறுத்துவார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டுமென்றால் வழக்கமாக வெந்நீரில் தண்ணீரை ஊற்றுவோம். பிணத்தைக் குளிப்பாட்டும்போது தண்ணீரில் வெந்நீரை ஊற்றுவார்கள். எழுதுகிறவனுக்கு இது புதையல். கையில் வைத்துக்கொண்டே தெரியாமல் கொட்டிவிட்டேனே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இப்படி வைத்துப் பாருங்கள். அவனுடைய முதுகைத் தேய்த்துவிடுவதற்காக அவள் தண்ணீர் விளாவுகிறாள். ஈரக் கூந்தலில் ஓர் இழை பிரிந்து பிடரியில் ஒட்டியிருக்கிறது. மரத்தொட்டியில் முதலில் குளிர்ந்த நீர். அதன்மேல் கெண்டியிலிருந்து வெந்நீரை மெல்லச் சாய்க்கிறாள். விரல் விட்டுச் சூடு பார்க்கிறாள். அவன் கண் பிடரியிலேயே இருக்கிறது; ஊற்றிய வரிசையைக் கவனிக்கவில்லை. வாசகர் கவனித்துவிட்டார். அவள் கை அவன் தோளில் படும்போது வாசகருக்குச் சிலிர்ப்பதும் நடுங்குவதும் ஒன்றாகவே வரும். ‘பேய்’ என்ற சொல்லே அங்கே தேவையில்லை.

கதையை அப்படித் திருத்தி எழுதினேன். ஆனால் நூலகங்களில் கிடப்பது பழையதுதான்.

ஒரே இழுப்பில் அவிழும் ஓபி

இடுப்பில் சுற்றும் இந்தப் பட்டை இன்றைய முழு அலங்காரத்தில் நான்கு மீட்டருக்கு மேல் நீளும். அதற்கடியில் தனித்தனியாக முடிச்சுப் போட்ட கயிறுகள். நம் புடவையையே ஒரே இழுப்பில் உருவ முடியாமல் துச்சாதனன் களைத்து உட்கார்ந்தான். உங்கள் கதாநாயகன் எம்மாத்திரம்? முடிச்சுக்கு முடிச்சு ஆகும் நேரம்தான் உங்களுக்குக் கிடைத்த வரம். உடை உரசும் ஓசைக்கென்றே ஜப்பானியத்தில் ‘கினுஸுரே’ என்று ஒரு சொல் இருக்கிறது. காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் அவனை உட்கார வைத்து அந்த ஓசையை மட்டும் கேட்கவிடுங்கள்.

முன்பக்கம் கட்டிய ஓபி

அவள் பழைய எடோ நகரின் பரத்தையர் பகுதியான யோஷிவாராவின் ஒய்ரான், அதாவது உயர்நிலைக் கணிகை. ஆடல்பாடல் கலைஞரான கெய்ஷா அல்ல.

காலில்லாத பேய்

‘யூரேய்க்கு, அதாவது பேய்க்கு, கால் கிடையாது’ என்று எங்கோ படித்துவிட்டு, எல்லாப் பேயையும் மிதக்கவிடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் மாருயாமா ஓக்கியோவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஓவிய மரபு அது. ஆனால் அங்கே மிகப் பிரபலமான பேய்க் காதலி, பியோனி விளக்கு கதையின் ஓத்சுயு, மரச்செருப்பு ‘கரன் கொரோன்’ என்று ஒலிக்கத்தான் காதலனைத் தேடி வருகிறாள். அந்தச் செருப்புச் சத்தமே பாதிக் கதை.

‘வெளியாள் நீ எப்படி எழுதலாம்’ என்று கேட்பவர்களிடமும் இந்தக் கதையைத்தான் நீட்டுவேன். இது சீனாவிலிருந்து வந்தது. அங்கே தை, மாசி வாக்கில் வரும் விளக்குத் திருவிழா இரவில் தொடங்கும். 1666இல் எழுத்தாளர் அசாய் ரியோய் இதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தபோது இடத்தைக் கியோட்டோவுக்கு மாற்றியதோடு விடவில்லை. நாளையும் ஓபோன் பண்டிகைக்கு நகர்த்தினார். முன்னோர் வீடு திரும்பும் நாட்கள் அவை. வாசலில் விளக்கோடு ஒருத்தி வந்து நின்றால் யாருக்கும் வியப்பாக இருக்காது. அந்த நகர்த்தல் தெரியாதவர்கள்தான் விளக்கை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

‘பொம்மை போன்றவள்’

பொம்மைக்குப் பேச வராது. இவளுக்குச் சொல்ல ஒரு குறை இருக்கிறது, பேசவிடுங்கள்.

திருத்திய பிரதியை அந்த ஒசாகா வாசகருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: “மடிப்பு சரி, தண்ணீரும் சரி. ஆகஸ்ட் மாதம், மலையடிவாரம், ஜன்னல் வேறு திறந்து கிடக்கிறது. ஒரு கொசுவலை கூடவா கட்டவில்லை?”