டெல்லிக்குப் படிக்க வரும் பிள்ளைகள்: அரவணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்டில் டெல்லிக் கல்லூரிகள் களைகட்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்திறங்கும் பிள்ளைகளுக்கு இங்கே படிக்கும் மூத்த தமிழ் மாணவர்கள் வரவேற்பு விழா நடத்துவார்கள். பாட்டு, பேச்சு, சாம்பார் சாதம், கடைசியில் குழுப் புகைப்படம். நல்ல காரியம்தான். அதோடு கடமை முடிந்தது என்று கலைந்துவிடுவதுதான் முதல் தவறு.

முதல் வாரத்தில் யாருக்கும் தனிமை உறைக்காது. அது நவம்பரில் வரும். வகுப்புத் தேர்வு மதிப்பெண்கள் வந்திருக்கும். புகைமூட்டத்தில் கண் எரியும். ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். ராஜ்மாவும் ரொட்டியும் சலித்துப் போயிருக்கும். ஆகவே விழாப் பணத்தில் பாதியை நவம்பருக்கு எடுத்து வையுங்கள். குளிர் இறங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதியவர்களை நான்கைந்து பேராகச் சரோஜினி நகர்ச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். எந்த ஸ்வெட்டர் ஜனவரியைத் தாங்கும், ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை வாங்குவதா கம்பளியே போதுமா, உள்ளே போடும் தெர்மலை எப்போது எடுப்பது என்பதெல்லாம் திருநெல்வேலியிலிருந்து வந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கூடவே நின்று பேரம் பேசி வாங்கிக் கொடுக்கும் அக்காவிடம்தான், பின்னால் பரீட்சையில் தவறினாலும் காய்ச்சலில் படுத்தாலும் அந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லும்.

அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர்தான் வந்தார்கள் என்றாலும் நிறுத்த வேண்டாம். வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். ரயில் டிக்கெட்டுக்கும் வாடகை அறைக்கும் அது உதவும். அங்கே ஒரு வருடம் பேசாமலே இருந்தவரை யாரும் தேடுவதில்லை.

இடமும் நேரமும் குறிப்பதில் பெரிய பிழை ஒன்று நடக்கிறது. இரவு ஒன்பதரைக்கு டீக்கடையில் கூடுவோம் என்று ஆண்கள் விடுதியில் இருப்பவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். பெண்கள் விடுதிகளின் கதவடைக்கும் நேரத்தை எதிர்த்து 2015இல் ‘பிஞ்சரா தோட்’ (கூண்டை உடை) என்ற மாணவியர் இயக்கமே இந்த நகரத்தில் கிளம்பியது. அப்படியிருந்தும், பெண்கள் ஏன் வருவதில்லை என்று நம் கூட்டங்களில் வியப்போடு கேட்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பாலோருக்கு விடுதியே கிடையாது. விஜய் நகரிலோ சத்ய நிகேதனிலோ வாடகைக்கு இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து, மாலையில் வகுப்பு முடிந்த கையோடு கூடுங்கள்.

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளையும் நாம் மறந்துவிடுகிறோம். ராமகிருஷ்ணாபுரத்தில், கரோல் பாக்கில், மயூர் விஹாரில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ்ச் சங்கம் 1946இல் தொடங்கியது. தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான ஜங்புராவின் மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். இத்தகைய வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளையின் தமிழில் இந்தி கலந்திருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதைச் சொல்லிச் சிரித்தால் மறுமுறை வரமாட்டார். ஊர் வழியெல்லாம் தெரிந்த அவரிடம் புதியவர்களை ஒப்படைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது நாம் கேட்கும் கேள்விகள். வடக்கே குடும்பப் பெயரைக் கேட்டே சாதியைக் கணித்துவிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு இருப்பது முன்னெழுத்து. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரை எழுதி, வகுப்பில் அந்தப் பெயராலேயே அழைக்கப்படுவார்கள். அந்தச் சங்கடத்தோடு தமிழர் கூட்டத்துக்கு வந்தால், “எந்த ஊர்? ஊருக்குள் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? எந்த ரேங்கில் இடம் கிடைத்தது?” என்று அடுக்குகிறோம். கேட்பவர் உறவு கொண்டாடுவதாகவே நினைத்திருக்கலாம். பதில் சொல்பவருக்கோ, தன்னை எங்கே வைப்பது என்று அளக்கிறார்கள் என்பது இரண்டாவது கேள்வியிலேயே புரிந்துவிடும்.

இது வெறும் மனத்தாங்கல் இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய 2006இல் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைத்தார்கள். அந்த மாணவர்கள் விடுதியின் சில பகுதிகளுக்கு ஒதுங்கிப் போனதையும், சாப்பாட்டு மேசையிலும் விளையாட்டிலும் விலக்கி வைக்கப்பட்டதையும் 2007இல் வந்த அறிக்கை பதிவு செய்தது. யாரோடு சாப்பிடுகிறோம், யாரை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. புதியவரிடம் என்ன படிக்கிறீர்கள், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். மற்றதை அவர் விரும்பினால் சொல்லட்டும். அறிமுகம் என்ற பெயரில் மிரட்டினால் அது ராகிங். 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிகள் அதைத் தடை செய்கின்றன. 1800-180-5522 என்ற உதவி எண்ணை முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர் ஆங்கில வகுப்பில் தடுமாறும்போது, “போகப் போகச் சரியாகிவிடும்” என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறோம். எப்படிச் சரியானது என்பதைச் சொல்வதில்லை. மூத்தவர்கள் மேடையேறினால் வேலை கிடைத்த கதையும் வெளிநாடு போன கதையும்தான் வருகின்றன. வால்டன், கோஹன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் செய்த ஆய்வு 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. நாங்களும் இங்கே ஒட்டாமல் தவித்தோம், நாளடைவில் அது மாறியது என்று மூத்தவர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, தங்கள் அனுபவத்தையும் எழுதச் சொன்னார்கள். ஒரு மணி நேர வேலைதான். அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த 3 ஆண்டுகளில் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. டெல்லியிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் முதல் பருவத்தில் இரண்டு தாள்களில் தோற்று, யாரிடம் குறிப்புகள் வாங்கி, எந்தப் பேராசிரியரைப் போய்ப் பார்த்து எழுந்தேன் என்று ஓர் அண்ணன் விவரமாகச் சொன்னால், கேட்கும் தம்பிக்கு மறுநாள் எந்தக் கதவைத் தட்டுவது என்பதாவது தெரியும்.

பொறுப்பை எப்போதும் அதே மூன்று பேர் சுமப்பதும் தவறு. பொங்கல் விழாவுக்குக் கரும்பு வாங்கி வரும் வேலையைக் கூட்டத்தில் அதிகம் பேசாதவரிடம் கொடுங்கள்.

நமக்குள்ளேயே நின்றுவிடவும் கூடாது. மூன்று வருடம் தமிழர் மேசையிலேயே சாப்பிட்டு, இந்தியில் ஆட்டோக்காரரிடம்கூடப் பேசத் தெரியாமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) காவேரி, பெரியாறு என்று நம் பக்கத்து நதிகளின் பெயரிலும், ஜீலம், பிரம்மபுத்ரா என்று வடக்கின் நதிகளின் பெயரிலும் விடுதிகள் இருக்கின்றன. மணிப்பூர்ப் பிள்ளைக்கும் ஒடிசாப் பிள்ளைக்கும் இதே குளிரும் இதே சாப்பாட்டுச் சலிப்பும்தான். வாரக் கூட்டத்துக்கு அவர்களையும் அழையுங்கள்.

இவ்வளவு செய்தும் சிலர் படிப்பை விட்டு ஊர் திரும்ப முடிவெடுப்பார்கள். அதைத் தோல்வியாகப் பேசாதீர்கள். தங்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்குக் கூடப் போங்கள், கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்லுங்கள், தமிழ்நாட்டில் அடுத்த சேர்க்கை எப்போது என்று பார்த்துக் கொடுங்கள், ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்யுங்கள்.