ரோமானிய உழைப்பாளியின் காலணி: செய்து பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அளவு தவறுவதும் தையல் கோணுவதும் இரண்டாவது ஜோடியிலேயே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுவோம். நாங்கள் ஒரு காலத்தில் செய்த வேறு சில தவறுகளைப் புதியவர்களும் அப்படியே செய்கிறார்கள். அவை தாமாகச் சரியாவதில்லை.

எல்லாமே ‘காலிகா’ அல்ல

‘காலிகா’ என்னும், விரல் தெரியும் அந்த வார் செருப்பு முதல் நூற்றாண்டுப் படைவீரனுடையது. அதை உழவன் வேடத்துக்கும் கொல்லன் வேடத்துக்கும் மாட்டிவிடுகிறார்கள். உழைப்பவர்கள் காலில் பல வகை இருந்தன. ஒரே தோலில் வெட்டி, குதிகாலில் மட்டும் தைத்து, கயிற்றால் இழுத்துக் கட்டும் ‘கார்பட்டினா’ ஒன்று. அதில் ஆணியே கிடையாது. பண்ணை அடிமைகளுக்கு மர அடி வைத்த ‘ஸ்கல்போனியா’: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நல்ல ஜோடியாகக் கொடுக்கச் சொல்கிறார், பண்ணை வேலைகளைப் பற்றி எழுதிய ரோமானியர் கேட்டோ. ஸ்பெயினின் கார்த்தஜீனா பக்கத்துக் குடியானவர்கள் எஸ்பார்டோ புல்லில் செருப்புப் பின்னினார்கள். எந்த ஊர், எந்தக் காலம், என்ன வேலை என்று முடிவு செய்த பிறகே தோலில் கத்தி வையுங்கள்.

ஆணி

தோல், நேரம், பணம் மூன்றும் பாழாவது இங்கேதான். அடுக்குகளைப் பசை தடவி ஒட்டிவிட்டு, கடைசியில் அழகுக்கு நாலு ஆணி அடிக்கிறார்கள். ரோமானியக் காலணியில் ஆணி அலங்காரமே அல்ல. அடித்தோல், உள்ளே மடித்த மேல்தோலின் ஓரம், நடுவில் விழும் பள்ளத்தை நிரப்பும் துண்டுத்தோல், உள்தோல் என்று மொத்த அடுக்கையும் இறுக்கிப் பிடிப்பது அதுதான். விளிம்பையொட்டி நெருக்கமாக ஒரு வரிசை ஓடுவது மேல்தோலின் மடிப்பைப் பிடிக்கத்தான். எடை இறங்கும் குதிகாலிலும் முன்பாதத்திலும் ஆணிகள் அதிகம்.

முனை மடங்கினால்தான் பிடிப்பு. அடுக்கின் மொத்தக் கனம் 10 மி.மீ. என்றால் ஆணியின் தண்டு 14 அல்லது 15 மி.மீ. வேண்டும். முதலில் குத்தூசியால் தண்டைவிட மெல்லிய துளை போடுங்கள். உள்தோல் இரும்பைத் தொடும்படி காலணியை இரும்புக் கட்டைமேல் உட்காரவைத்து வெளியிலிருந்து அடியுங்கள். முனை இரும்பில் முட்டி, கொக்கிபோலத் திரும்பி, உள்தோலுக்குள்ளேயே புதையும். உள்ளே விரலை விட்டுத் தடவினால் சிறு மேடு தட்டுப்படலாம், முனை தட்டுப்படக் கூடாது. தண்டு 11 மி.மீ.தான் என்றால் மடங்க இடமில்லை. முதல் நாள் சேற்றிலேயே ஆணி பிடுங்கிக்கொண்டு போய்விடும். 20 மி.மீ. என்றால் மிஞ்சிய நுனி உள்தோல்மேல் முள்ளாக நிற்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடையில் கிடைக்கும் கெட்டி எஃகு ஆணியை எடுத்து அடிப்பவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அது மடங்காது. கழுத்து ஒடியும், இல்லாவிட்டால் நேரே ஏறிவந்து குதிகாலைக் குத்தும். மென்னிரும்பு வாங்குங்கள். இரும்பு வகைகளைப் பற்றி எழுதும் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, காலணி ஆணிக்கு ஏற்றது என்று ஒரு வகையைத் தனியாகவே குறிப்பிடுகிறார்.

தோல் ஈரமாக இருக்கும்போது ஆணி அடிக்காதீர்கள். மரப்பட்டையில் பதனிட்ட தோலின் துவர்ப்பு, ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்பு படரும். நாளடைவில் அந்த இடம் பொரிந்து, துளை பெரிதாகி, ஆணி ஆடத் தொடங்கும்.

செலவையும் ஆரம்பத்திலேயே கணக்கில் சேருங்கள். கி.பி. 301-இல் ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் பிறப்பித்த விலை ஆணையில், கோவேறு கழுதை ஓட்டிகளுக்கும் உழவர்களுக்கும் உரிய முதல்தரக் காலணி 120 டெனாரியஸ் (ரோமானிய நாணயம்), படைவீரனுடையது 100. உழைப்பாளியின் காலணிக்குத்தான் விலை கூடுதல் என்பதைக் கவனியுங்கள். இரண்டு விலையுமே ‘ஆணி இல்லாமல்’ என்ற குறிப்போடுதான் இருக்கின்றன. ஆணி தேயத் தேய மாற்ற வேண்டிய பொருள். கி.பி. 69 உள்நாட்டுப் போரில், பின்னர் பேரரசரான வெஸ்பாசியன் பக்கத்துப் படைகள் கேட்ட அன்பளிப்புப் பணத்துக்கே ‘கிளாவாரியம்’, அதாவது ஆணிக்காசு, என்று பெயர்.

வழவழப்பான கல்தரை

மண்ணில் பிடிக்கும் ஆணி, பாவிய கல்லில் வழுக்கும். கி.பி. 70-இல் ஜெருசலேம் ஆலய முற்றத்தில் ஜூலியானஸ் என்ற ரோமானிய நூற்றுவர் தலைவன் தனியாளாகவே எதிரிகளை விரட்டிக்கொண்டு ஓடினான். ஆணி நிறைந்த காலணி கல்தளத்தில் சறுக்கியது. மல்லாந்து விழுந்தவனைச் சூழ்ந்து கொன்றார்கள். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். ரோமானிய வேடமிட்டு நிகழ்ச்சி நடத்துபவர்கள் பளிங்குத் தரையிலும் டைல்ஸிலும் ஆணிக் காலணியோடு யாரையும் ஓடவிடாதீர்கள்.

விரலுக்கு இரும்புக் கூடு

அன்று கிடையாது. வைக்காதீர்கள்.

குளியலறைக் கட்டையை வயலுக்குக் கொடுப்பது

வட இங்கிலாந்தின் விண்டோலாந்தா என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த மரக்கட்டைச் செருப்புகளின் அடியில் குறுக்காக இரண்டு மேடுகள் இருக்கும். அடியில் நெருப்புக் காற்று ஓடும் குளியலறைத் தரையிலிருந்து பாதத்தைத் தூக்கிப் பிடிக்கவே அவை. உழுத மண்ணில் அந்த மேடுகள் புதைந்து கணுக்கால் பிசகும்.

எல்லோருக்கும் காலணி மாட்டிவிடுவது

பொம்பேயி சலவைப் பட்டறை ஓவியத்தில் தொட்டிக்குள் நின்று துணி மிதிப்பவர்கள் வெறுங்காலோடுதான் நிற்கிறார்கள்.

எண்ணெய்

ஆலிவ் பிழிந்த பின் மிஞ்சும் கசண்டு நீரை, அதாவது ‘அமுர்கா’வை, சுண்டக் காய்ச்சி வண்டி அச்சு, வார், காலணி, தோல் எல்லாவற்றுக்கும் தடவச் சொல்கிறார் கேட்டோ. அது கிடைக்காதவர்கள் ஆலிவ் எண்ணெயை மெல்லிசாகத் தடவலாம். ஊறவிட்டால் அடித்தோல் தொளதொளத்து, மடக்கி அடித்த ஆணியெல்லாம் பிடிவிட்டுப் போகும்.